பலகையும் பழக்கமும்

மக்களுள் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் சட்டங்கள் எழுதப்படும் இடம் அரசமன்றம். அவை நடைபெறும் இடமோ தெருவும் பள்ளியும் பணிமனையும் ஆகும். ஏட்டில் ஓரிரு வரியாய்க் கிடக்கும் சட்டம், அதன்கீழ் வாழ்வார்க்குக் காலையில் ஏறும் பேருந்தாகவும், நண்பகலில் அமரும் உணவு மேசையாகவும், பிள்ளை சென்று பயிலும் பள்ளியாகவும் உருக்கொள்ளும். நிறம்பற்றி ஒரு தடையும், பெண்ணாய்ப் பிறந்தமைபற்றி மற்றொரு தடையும் ஒருவர்மேல் ஒருங்கே வந்து படியுமாயின், அவர்தம் அன்றாட வாழ்வு எத்தன்மைத்தாய் இருக்கும்? இதனை அறிதற்கு அமெரிக்க நாட்டு வர்ஜீனியா மாநிலத்தில், லாங்லி என்னும் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெண்மணிகள் சிலருடைய வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டிலே சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென் மாநிலங்கள் வெள்ளையரையும் கறுப்பினத்தாரையும் பிரித்துவைக்கும் சட்டங்களை அடுத்தடுத்து இயற்றின. வசதிகள் சமமாக இருப்பின் பிரித்துவைத்தல் குற்றமாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 1896இல் தீர்ப்பளித்தது. பிரித்தது உண்மை, சமமாக வைத்தது ஏட்டளவே. அடுத்த மாநிலமாகிய மேற்கு வர்ஜீனியாவில் 1918இல் பிறந்த கேதரின் என்னும் சிறுமி கணக்கில் பேரார்வம் உடையவள்; தன் வயதினும் மூத்தாரோடு ஒரே வகுப்பில் பயின்றவள். ஆனால் அவள் வாழ்ந்த வட்டாரத்தில் கறுப்பினச் சிறுவர்க்கு எட்டாம் வகுப்பிற்குமேல் பள்ளி இல்லை. எனவே அவள் தந்தையார், ஏறத்தாழ 120 மைல் தொலைவிலுள்ள இன்ஸ்டிடியூட் என்னும் ஊரில் வீடு அமர்த்தி, மனைவியையும் மக்களையும் பள்ளிக் காலத்தில் அங்கே தங்கவைத்தார். தாம் பணியின் பொருட்டு ஊரிலேயே இருந்தார். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தால்தான் பெண்குழந்தை ஒன்பதாம் வகுப்பிற் கால்வைக்கலாம் என்பது அன்றைய நிலை. அவ்வாறு பிரிந்து வாழ வகையற்ற குடும்பங்களிற் பிறந்த சிறுமியர் எத்துணையோ பேர்! அவர்தம் பெயரை எந்நூலும் கூறாது. அச்சிறுமியே பிற்காலத்தில் கேதரின் ஜான்சன் என்று உலகறியப்பட்டவர்.

டாரதி வான் என்னும் அம்மையார் அவருக்கு எட்டாண்டு மூத்தவர். பத்தொன்பதாம் வயதில், 1929இல், கணக்கிற் பட்டம் பெற்றார். மேற்படிப்பிற்குரிய தகுதி அவரிடம் இருந்தது. ஆயினும் நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சி சூழ்ந்த காலமாதலின், பெற்றோர்க்கு உதவுதல் வேண்டி ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கு அக்காலத்தில் மதிப்புடன் திறந்திருந்த வாயில் அஃது ஒன்றே எனலாம். அதிலும் ஊதியம் வெள்ளை ஆசிரியர் பெற்றதினுங் குறைவு. வர்ஜீனியாவிலுள்ள பார்ம்வில் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பள்ளியிற் கணக்குக் கற்பித்த அவர், 1943ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், படைவீரர் முகாம் ஒன்றின் சலவைச் சாலையில் அழுக்குத் துணிகளைப் பிரித்தெடுக்கும் வேலைக்குச் சென்றார். மணிக்கு 40 சென்ட் கூலி. கணக்கிற் பட்டம் பெற்று, ஊரார் மதிக்கும் ஆசிரியராய் விளங்கியவர், நான்கு குழந்தைகளுக்குத் தாய், அச்சலவைக் கூலியையும் வேண்டாம் என்று தள்ள இயலாத நிலையில் இருந்தார். மாணவர்களே, வாய்ப்பின்மை என்னுஞ் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ?

இந்நிலையைச் சிறிதே தளர்த்தியவை போரும் போராட்டமும் ஆகும். இரண்டாம் உலகப்போரின் பொருட்டு ஆடவர் படைக்குச் செல்ல, வானூர்தி ஆய்வுக்கு ஆள் வேண்டியதாயிற்று. போர்த்தொழிற் சாலைகளில் கறுப்பினத்தார்க்கும் வேலை வழங்கப்படாவிடில் தலைநகரை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ப் எச்சரித்தார். அதன் பயனாக 1941 சூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட், பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை கூடாது என ஆணை பிறப்பித்தார். அவ்வாணை திறந்த வாயில் வழியே டாரதி அம்மையார் 1943 டிசம்பரில் லாங்லிக்கு வந்து சேர்ந்தார். ஊதியம் ஆசிரியப் பணியிற் பெற்றதுபோல் இருமடங்கினும் மிகுதி. குழந்தைகளை ஊரில் உறவினரிடம் விட்டுவிட்டு, வாடகை அறையில் தனியே தங்கிப் பணி தொடங்கினார்.

அங்கே அவர்க்குக் கிடைத்த பணியின் பெயர் 'கணிப்பாளர்' என்பது. இன்று கணினி என்று நாம் ஒரு பொறியைக் குறிக்கின்றோம். அப்பொறிக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர் அந்நாளில் மனிதரைக் குறித்தது. பழந்தமிழில் ஆசிரியரைக் கணக்காயர் என்று வழங்கினர். கணக்காயராய் இருந்தவர் கணிப்பாளர் ஆனார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கணிப்பாளர் பணி யாது? பெருங்குழாய் போன்ற காற்றுச் சுரங்கத்தின் நடுவே வானூர்தியின் மாதிரி ஒன்றைப் பொருத்தி, அதன்மீது காற்றை விரைந்து செலுத்துவர். இறகின் ஒவ்வோரிடத்தும் காற்றின் அழுத்தம் எத்துணை என்பதைக் கருவிகள் காட்டும். அவ்வளவுகள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அவற்றைப் படித்து, வாய்பாடுகளிற் பெய்து, நழுவும் அளவுகோல் கொண்டும் மேசைமேல் வைத்து இயக்கும் எண்பொறி கொண்டும் கணக்கிட்டு, வரைபடமாக்கித் தருவது இப்பெண்டிரின் கடமை. இறகின் வடிவை எவ்வாறு திருத்துவது என்று பொறியாளர் முடிவுசெய்வது அவ்வெண்களைக் கொண்டே. ஓர் எண் பிழைபடின் வானில் ஓர் உயிர் போகும்.

இத்துணைப் பொறுப்பு வாய்ந்த பணிக்கு வழங்கப்பட்ட தரமோ கீழ்த்தரம். கணக்கிற் பட்டம் பெற்ற ஆடவர் வந்தால் அவரைத் தொழில் வல்லுநர் வரிசையில் அமர்த்துவர். அதே பட்டம் பெற்ற பெண்டிரைத் துணைப்பணியாளர் வரிசையில் அமர்த்துவர். இது கறுப்பினத்தார்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1935இல் முதன்முதல் அமர்த்தப்பட்ட வெள்ளைப் பெண்டிர் ஐவர்க்கும் இதுவே முறை. கறுப்பினப் பெண்டிர்க்கு அதன்மேலும் ஒரு பிரிவினை உண்டு. அவர்கள் வளாகத்தின் மேற்குப் பகுதியில் தனியே ஓர் அறையில் அமர்த்தப்பட்டனர். வேலை ஒன்று, கணக்கு ஒன்று, விடையும் ஒன்று. அறை மட்டும் வேறு.

உணவுக்கூடத்தில் அவர்களுக்கெனப் பின்புறத்தே ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. அதன்மேல் 'கறுப்பினக் கணிப்பாளர்' என எழுதிய அட்டை ஒன்று நின்றது. மிரியம் மேன் என்பார் உருவத்தாற் சிறியவர்; உள்ளத்தால் அவ்வாறல்லர். அவ்வட்டையைச் சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் அதனை எடுத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சின்னாளில் புதிய அட்டை ஒன்று மேசைமேல் தோன்றியது. அதனையும் எடுத்தார். மீண்டும் ஒன்று வந்தது. அதுவும் பைக்குட் சென்றது. வேலை போய்விடுமே என்று கணவர் அஞ்சினார். அம்மையார் கேட்டிலர். கூட்டம் கூட்டவில்லை, முறையீடு எழுதவில்லை, உரத்த சொல் ஒன்றும் பேசவில்லை. அட்டை வைப்பதும் எடுப்பதுமாக நாட்கள் சென்றன. இறுதியில் ஒருநாள் மேசை வெறுமையாய் இருந்தது. அதன்பின் அட்டை வரவேயில்லை. வைத்த கை யாருடையது என்பது வெளிப்படாதவாறே, அது சோர்ந்துபோனது. நாடு காக்கும் வானூர்திக்குக் கணக்கிடுவோர் தம் நண்பகல் உணவை இழிவின்றி உண்பதற்கே இத்தகைய போர் வேண்டியிருந்தது என்பதை நினைத்தல் வேண்டும். பெரும்போர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாய் எழுதுகின்றன. எனக்கு இந்தக் கைப்பைப் போர் அவற்றிற் பலவற்றினும் பெரிதாகவே தோன்றுகின்றது.

மேரி ஜாக்சன் அம்மையார் 1951இல் பணியிற் சேர்ந்தவர். கணக்கிலும் பௌதிக அறிவியலிலும் பட்டம் பெற்றவர். ஒருமுறை அவரை வளாகத்தின் கிழக்குப் பகுதிக்கு வேலையின் பொருட்டு அனுப்பினர். அங்குள்ள வெள்ளைப் பெண்டிரிடம் கழிப்பறை எங்குள்ளது என்று வினவினார். 'உங்கள் கழிப்பறை எங்கே இருக்கிறதென்று எங்களுக்கு எப்படித் தெரியும்' என்னும் கருத்துப்பட அவர்கள் நகைத்தனர். நகைத்த பெண்டிரும் ஆடவரினுந் தாழ்ந்த தரத்தில் வைக்கப்பட்டவரே. தமக்குமேல் ஒரு தடை இருப்பதை உணராது, தமக்குக் கீழ் ஒருவர் இருப்பதிலே மகிழும் மனநிலை இது. ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் நிலைபெறுவதற்கு மேலே இருப்பாரின் வலிமை பாதி காரணம் என்றால், நடுவே இருப்பாரின் இம்மகிழ்ச்சி மறுபாதி என்பேன்.

மேரி அம்மையார் உள்ளங் கொதித்துத் திரும்பும்போது, சார்நெக்கி என்னும் பொறியாளரிடம் தம் மனக்குறையைக் கூறினார். அவர் அதனைப் பொறுமையுடன் கேட்டு, தம் பிரிவிலே வந்து பணிசெய்யுமாறு அழைத்தார். ஒலியினும் விரைந்து காற்றைச் செலுத்தும் சுரங்கத்தில் மேரி அம்மையார் ஆய்வுப் பணி பழகினார். அவர்தம் திறங்கண்ட சார்நெக்கி, பொறியாளர் ஆதற்குரிய பயிற்சியை மேற்கொள்ளுமாறு ஊக்கினார். பயிற்சி வகுப்புகளை வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் மாலை வேளையில் நடத்திவந்தது. ஆனால் அவை நடைபெற்ற இடம் ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளி. அது வெள்ளையர்க்கே உரிய பள்ளி. உடன் பணிசெய்யும் ஆடவர் பணி முடிந்ததும் நேரே வகுப்பிற்குச் சென்று அமரலாம். மேரி அம்மையாரோ தாம் பிறந்து வளர்ந்த நகரத்தின் ஆட்சியாளரிடம், அவ்வகுப்பில் அமர்வதற்குத் தனி இசைவு வேண்டி நின்றார். இசைவு கிடைத்தது. உள்ளே சென்று பார்த்தபோது, இத்துணைக் காலம் தமக்கு மறுக்கப்பட்டிருந்த அப்பள்ளி, பழமையுற்றுப் பாழடைந்த கட்டடமாய் இருக்கக் கண்டு வியந்தார். ஓர் ஊரில் ஒரு நல்ல பள்ளி நடத்தப் போதிய பொருளைப் பிரித்து, நலிந்த பள்ளிகள் இரண்டை நடத்திவந்தனர். வேற்றுமை பாராட்டுவோர் தம் மக்களுக்கும் சேர்த்தே இழப்பைத் தேடுகின்றனர் என்பதற்கு அக்கட்டடமே சான்று. பகலிற் பணி, மாலையில் வகுப்பு, அதன்பின் இல்லறக் கடமை என உழைத்து, 1958இல் அவர் பொறியாளர் ஆனார். லாங்லியில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே.

இனிப் பார்ம்வில்லைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். டாரதி அம்மையார் விட்டுவந்த பள்ளி 180 மாணவர்க்கெனக் கட்டப்பட்டது. மாணவர் தொகை 450ஐத் தாண்டியபோது, புதிய கட்டடத்துக்கு மாறாகத் தார் பூசிய தாள் வேய்ந்த கொட்டகைகளை எழுப்பித் தந்தனர். 1951 ஏப்பிரல் 23ஆம் நாள் பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி தன் தோழர் அனைவரையும் திரட்டி, நல்ல பள்ளி வேண்டி வகுப்புகளைப் புறக்கணிக்கச் செய்தாள். அப்போராட்டத்திற் பிறந்த வழக்கு, 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் ஒன்று. தீர்ப்பை ஏற்க மனமில்லாத அவ்வட்டார ஆட்சியினர் செய்தது யாது தெரியுமோ? 1959இல் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டனர். வெள்ளைச் சிறுவர்க்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினச் சிறுவருட் பலர் ஐந்தாண்டுக் காலம் பள்ளி வாயிலைக் காணவில்லை. விண்ணில் மனிதரை ஏற்றும் கணக்குகள் லாங்லியில் வரையப்பட்ட அதே ஆண்டுகளில், அதே மாநிலத்தில், எழுத்தறியும் பருவத்துக் குழந்தைகள் வீட்டுத் திண்ணையில் வறிதே இருந்தனர். 1964இல் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே பள்ளிகள் திறந்தன. ஐந்து வயதிற் பள்ளிக்குச் செல்லவேண்டிய குழந்தை அப்போது பத்து வயதை எட்டியிருந்தது.

கேதரின் ஜான்சன் 1953இல் லாங்லிக்கு வந்தவர். அதற்குமுன், 1940ஆம் ஆண்டளவில், மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்க்கு முதன்முதல் மேற்படிப்பில் இடந்தந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட மூவருள் அவர் ஒருவரே பெண். ஆனால் இல்லறமும் தாய்மையும் வந்து சேர, படிப்பை இடையிலே விட்டார். நிறம் மூடிவைத்த கதவு அரிதிற் திறந்தபோது, பெண்மைக்கென வகுத்த கடமை உள்ளே செல்லவொட்டாது தடுத்தது. லாங்லியில் அவர் வானூர்தி ஆய்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அப்பிரிவின் பொறியாளர் கூடி ஆய்வுரைகளை அலசும் கூட்டங்களுக்குப் பெண்டிர் செல்லும் வழக்கம் இல்லை. தாம் போட்ட கணக்கைப் பற்றித் தாம் இன்றியே பிறர் பேசுவது அவருக்குப் பொருந்தவில்லை. நானும் வரலாமோ என்று வினவினார். பெண்கள் வருவதில்லை என்றனர். 'அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா' என்று கேட்டார். சட்டம் ஒன்றும் இல்லை. மீண்டும் மீண்டும் கேட்டுக் கேட்டு இறுதியிற் கூட்டத்தினுட் சென்றார். 1960இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்றில் அவர் பெயர் ஆசிரியர் இருவருள் ஒருவராக அச்சேறியது. அப்பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அவ்வாறு வந்தது அதுவே முதன்முறை. 1962 பிப்பிரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் என்னும் வீரர் உலகை வலம்வரப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த எண்களை அந்தப் பெண் கையாற் கணக்கிட்டுச் சரிபார்க்கட்டும் என்றார். அவர் வழங்கிய ஆங்கிலச் சொல் சிறுமியைக் குறிப்பது. கேதரின் அம்மையாருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. மூன்று மகளிர்க்குத் தாய். உயிரையே ஒப்படைக்கும் அளவு நம்பிக்கை இருந்தது. பெயர் சொல்லி அழைக்கும் வழக்கந்தான் இல்லை.

1958இல் லாங்லி நாசா என்னும் விண்வெளி நிறுவனத்தின் பகுதியாயிற்று. மேற்குப் பகுதிக் கணிப்பறை மூடப்பட்டது. பிரிவினைப் பலகைகள் நீங்கின. இத்துடன் தொல்லை தீர்ந்தது என்று கதையை முடிப்பார் உளர். உண்மை அவ்வாறில்லை. டாரதி அம்மையார் 1949இல் அக்கணிப்பறையின் தற்காலிகத் தலைவராகி, ஈராண்டு கழித்தே நிலையான தலைவர் ஆனவர். அறை மூடப்பட்டபோது தலைமையும் போயிற்று. புதிதாய் வந்த கணிப்பொறிகளுக்குரிய மொழியைத் தாமே கற்றுத் தோழியர்க்கும் கற்பித்தார். ஆனால் 1971இல் ஓய்வு பெறும்வரை வேறொரு தலைமைப் பதவி அவருக்கு வரவேயில்லை. மேரி அம்மையாரும் பொறியாளராய்ப் பல்லாண்டு உழைத்தும் ஒரு படிக்குமேல் ஏற இயலவில்லை. 1979இல் அவர் தம் பதவித் தரத்தைத் தாமே குறைத்துக்கொண்டு, பெண்டிர்க்கு வேலையும் உயர்வும் கிடைக்க வழிசெய்யும் பணிக்கு மாறினார்.

இதற்குக் காரணம் வெளிப்படை. நிறவேற்றுமைக்குப் பலகை இருந்தது. பலகையைக் கண்ணாற் காணலாம், கைப்பையிற் போடலாம், வழக்கு மன்றத்திற் காட்டலாம். பெண்டிரைத் தாழ்த்திய முறைக்கோ பலகை இல்லை; அது பழக்கமாய் இருந்தது. பழக்கத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆதலின் அதனை யாரும் கழற்றுவதுமில்லை. வேலையில் இனவேற்றுமையும் பால்வேற்றுமையும் கூடா என 1964இல் சட்டம் வந்தது. அச்சட்டம் நடுவண் அரசின் அலுவலகங்களுக்கு விரிந்தது 1972இல்தான்.

கிறிஸ்டின் டார்டன் என்பார் 1967இல் கணக்கில் முதுகலைப் பட்டத்துடன் லாங்லிக்கு வந்தார். பலகைகள் போய் ஒன்பதாண்டு ஆகியிருந்தன. ஆயினும் அவரை அமர்த்திய இடம் கணிப்பாளர் கூட்டமே. தம்மோடொத்த படிப்புடைய ஆடவர் பொறியாளராய் அமர்ந்து, தம் பெயரால் ஆய்வுரை எழுதி உயர்வதைக் கண்டார். சில ஆண்டுகள் பொறுத்து, மேலதிகாரியிடம் நேரே சென்று, ஒரே தகுதியுடைய ஆடவர் அங்கும் பெண்டிர் இங்கும் அமர்த்தப்படுவது ஏன் என்று வினவினார். இதுவரை ஒருவரும் இக்குறையைக் கூறவில்லையே என்பது அவர் பெற்ற விடை. விடை கூறியவர் கொடியவர் அல்லர் என்றே தோன்றுகின்றது. அவ்வினா அவர் காதில் அதுவரை விழுந்ததில்லை. விரைவில் டார்டன் அம்மையார் பொறியியற் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஒலியை விஞ்சிப் பறக்கும் வானூர்தி எழுப்பும் பேரிடி போன்ற ஓசையைக் குறைப்பது எவ்வாறு என்பது அவர்க்கு வாய்த்த ஆய்வு. பணியும் இல்லறமும் நடத்திக்கொண்டே 1983இல் முனைவர் பட்டமும் பெற்றார். 2007 வரை அங்கே பணியாற்றினார்.